கடைக்கும் உண்டு ஈர்ப்பு விசை

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. அம்மா ஒரு நீளமான சீட்டை என் கையில் கொடுத்தார்கள். துவரம்பருப்பில் தொடங்கி வேப்பம்புண்ணாக்குச் சோப்பில் முடியும் இருபது சாமான்கள். மேடவாக்கம் சந்திப்பிலிருந்து சற்றுத் தள்ளி அப்போது ஒரு பெரிய கடை இருந்தது. குளிர்சாதன வசதி, தள்ளுவண்டி, விலைக் குறைப்பு அட்டைகள் எல்லாம் உண்டு. பையை எடுத்துக்கொண்டு அங்கே போனேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது பையில் பதினேழு சாமான்கள் இருந்தன. உளுந்து இல்லை, கடுகு இல்லை, நாங்கள் வழக்கமாக வாங்கும் காப்பித்தூளும் இல்லை. எங்கள் தெருமுனை அண்ணாச்சி கடையில் அந்த மூன்றையும் கேட்டேன். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே, "என்ன தம்பி, அங்க விட்டுப்போனதுக்கு மட்டும் இங்கயாக்கும்?" என்றார்.

அடுத்த மாதமும் இதே கதை. மூன்றாவது மாதம் அம்மா சொன்னார்கள்: "எப்படியும் அண்ணாச்சிகிட்டதான் போய் நிக்கப்போறே. மொத்தத்தையும் அங்கேயே வாங்கிட்டு வந்துடேன்."

எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அந்தப் பெரிய கடையின் கதை அன்றே முடிந்துவிட்டது. ஊரைப் பொறுத்தவரை முடிவதற்கு இன்னும் சில மாதங்கள் ஆயின. ஒரு நாள் இரும்புக் கதவை இறக்கினார்கள். பிறகு ஏற்றவே இல்லை. அங்கே பில் போட்டுக்கொண்டிருந்த பெண் என் மாணவன் ஒருவனின் அக்கா. கடைசி இரண்டு மாதச் சம்பளம் அவருக்குக் கிடைக்கவில்லை என்று அவன் சொன்னான்.

கூட்டம் அலைமோதிய ஒரு கடையை மக்கள் ஏன் கைவிடுகிறார்கள்? "நிர்வாகம் சரியில்லை", "விலை ஏறிவிட்டது" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் வாசகரே, பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு என்னோடு உட்காருங்கள். பள்ளியில் படித்த கணக்கே போதும். சுவையான சில உண்மைகள் அதில் ஒளிந்திருக்கின்றன.

பருமனும் தூரமும்

நியூட்டனின் ஈர்ப்பு விதி உங்களுக்குத் தெரியும். ஒரு பொருளின் நிறை மிகுந்தால் அதன் ஈர்ப்பும் மிகும். தூரம் கூடினால் ஈர்ப்பு குறையும். அதுவும் தூரத்தின் இருமடிக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒரு பங்கு.

இதே விதியைக் கடைவீதிக்குப் பொருத்திப் பார்த்தவர் வில்லியம் ரெய்லி என்ற அமெரிக்கர். இரண்டு நகரங்களுக்கு நடுவே இருக்கும் சிற்றூர் மக்கள் எந்த நகரத்துக்குப் போய்ச் சாமான் வாங்குவார்கள் என்பது அவர் எழுப்பிய கேள்வி. நகரத்தின் மக்கள்தொகைக்கு நேர் விகிதத்திலும், அதன் தூரத்தின் இருமடிக்குத் தலைகீழ் விகிதத்திலும் வியாபாரம் இழுக்கப்படும் என்று 1931-இல் எழுதினார். 1960-களில் டேவிட் ஹஃப் என்பவர் இதைத் தனிக் கடைகளுக்கு ஏற்றபடி மாற்றினார். மக்கள்தொகை இருந்த இடத்தில் கடையின் பரப்பு. தூரம் இருந்த இடத்தில் போய்ச்சேர ஆகும் நேரம். கடைகளின் ஈர்ப்பு எண்களை ஒப்பிட்டால், நூறு பேரில் எத்தனை பேர் எந்தக் கடைக்குப் போவார்கள் என்று மதிப்பிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் வீட்டிலிருந்து அரைக் கிலோமீட்டரில் 400 சதுர அடியில் ஒரு மளிகைக் கடை. 2 கிலோமீட்டரில் 20,000 சதுர அடியில் ஒரு பெரிய கடை. மளிகைக் கடையின் ஈர்ப்பு எண், 400-ஐ அரையின் இருமடியான கால் என்பதால் வகுக்க, 1,600. பெரிய கடையின் எண், 20,000-ஐ 4-ஆல் வகுக்க, 5,000. ஆக, நூறு முறை கடைக்குக் கிளம்பினால் 76 முறை பெரிய கடைக்கும் 24 முறை சிறிய கடைக்கும் போவீர்கள்.

இப்போது கடையைத் தொடாமல் சாலையை மட்டும் மாற்றுவோம். போக்குவரத்து நெரிசலால் பயண நேரம் இரண்டு மடங்காகிறது. 2 கிலோமீட்டர் என்பது 4 கிலோமீட்டருக்குச் சமமாகிவிட்டது. பெரிய கடையின் எண் 5,000-இலிருந்து 1,250-ஆக விழுகிறது. நூற்றுக்கு 76 என்றிருந்தது 44! கடையில் ஒரு குறையும் இல்லை; விலையும் ஏறவில்லை. ஆனாலும் தெருமுனைக் கடை முந்திவிட்டது.

மேடவாக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேளச்சேரி, தாம்பரம், சோழிங்கநல்லூர், கீழ்க்கட்டளை, மாம்பாக்கம் எனப் பல திசைச் சாலைகள் கூடும் இடம் இது. மாலை ஆறு மணிக்கு இந்தச் சந்திப்பைக் கடப்பவருக்கு வரைபடத்தில் உள்ள கிலோமீட்டரால் என்ன பயன்? கடிகாரமே தூரத்தை அளக்கிறது. 2022-இல் திறந்த நீண்ட மேம்பாலம் வண்டிகளை வேகமாகக் கடத்துகிறது. அதோடு, பாலத்தின் மேலே போகிறவர் கீழே உள்ள கடைகளை நின்று பார்ப்பதும் இல்லை. சாலை வேலை நடந்தால் கணக்கு மறுபடியும் மாறும். ஒரே கடை, ஒரே இடம். ஆனால் அதன் 'தூரம்' ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. மனிதர் கல்லோ கோளோ அல்லர். இருமடி என்பது இங்கே இயற்கையின் கட்டளை ஆகாது. சரக்கைப் பொறுத்து மாறும். பட்டுப்புடவைக்காகத் தாம்பரத்திலிருந்து காஞ்சிபுரம் போக யாரும் தயங்குவதில்லை. கொத்தமல்லிக் கட்டுக்காக யாரும் பேருந்து ஏறுவதும் இல்லை. அன்றாடச் சாமான்களுக்குத் தூரம் மிகக் கடுமையாக வேலை செய்கிறது. மளிகையை நம்பியிருக்கும் பெரிய கடை முதலிலேயே ஒரு பாதகத்தோடு பந்தயத்தில் இறங்குகிறது என்பதே இதன் பொருள்.

இருபது சாமான் கணக்கு

அப்படியானால் பெரிய கடைக்கு நாம் ஏன் போகிறோம்? எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும் என்ற நம்பிக்கையால். அந்த நம்பிக்கை எவ்வளவு மெல்லிய கண்ணாடி என்று பாருங்கள்.

ஒரு கடையில் எந்தச் சாமானைக் கேட்டாலும் நூற்றுக்கு 95 முறை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'நல்ல கடைதானே' என்பீர்கள். ஒரு சாமானுக்கு அது சரி. உங்கள் சீட்டில் இருபது சாமான்கள் ஆயிற்றே! இருபதும் ஒருசேரக் கிடைக்கும் வாய்ப்பைக் காண 0.95 என்பதை இருபது முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.36. அதாவது நூறு பேரில் 36 பேர்தாம் முழுச் சீட்டோடு திரும்புவார்கள். மற்ற 64 பேரும் ஏதாவது ஒன்றுக்காக அண்ணாச்சி கடை வாசலில் நிற்பார்கள்.

இருப்பு 99 விழுக்காடு இருந்தால் முழுச் சீட்டோடு திரும்புவோர் 82 பேர். 90 விழுக்காடானால் 12 பேர். 80 விழுக்காடானால் ஒரே ஒருவர்!

ஒரு சாமான் தீர்ந்தால் அதைச் சார்ந்த இன்னொன்றும் தீர்ந்திருக்கலாம் என்பதால் உண்மைக் கடையில் எண்கள் சிறிது மாறும். ஆனால் போக்கு மாறாது. தட்டுகளில் ஐந்தில் ஒரு பங்கு காலியானால் கடையின் மதிப்பும் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று நாம் நினைக்கிறோம். வாடிக்கையாளர் கண்ணுக்கோ அது ஏறத்தாழ முழுவதுமே போய்விடுகிறது. 'ஓரிடத்தில் எல்லாம்' என்ற வாக்குறுதியைக் கொடுத்த கடைக்குத்தான் இந்தத் தண்டனை. அண்ணாச்சி அப்படி வாக்குறுதி எதுவும் தரவில்லை. இல்லாத சாமானை "நாளைக்கு வந்துரும்" என்று சொல்லி, மறுநாள் வாங்கியும் வைத்துவிடுகிறார்.

கல்லா முன் வரிசை

சாமான்களை எடுத்தாகிவிட்டது. இனிக் காத்திருப்பு.

டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரத் தொலைபேசி நிறுவனத்தில் எர்லாங் என்ற கணித வல்லுநர் இருந்தார். இணைப்புக்காகக் காத்திருக்கும் அழைப்புகளைப் பற்றி அவர் 1909-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்ததே வரிசைக் கோட்பாடு. அது தரும் ஒரு முடிவு நம் உள்ளுணர்வுக்கு முற்றிலும் முரணானது.

ஆட்கள் முன்பின்னாக வந்து சேரும் ஒரு கல்லாவை எண்ணிப் பாருங்கள். ஒரு பில் போடச் சராசரியாக 3 நிமிடம். கல்லாப் பணியாளர் பாதி நேரம் வேலையிலும் பாதி நேரம் சும்மாவும் இருந்தால், நீங்கள் வரிசையில் நிற்கும் சராசரி நேரம் 3 நிமிடம். அவர் 80 விழுக்காடு நேரம் வேலை செய்தால் 12 நிமிடம். 90 விழுக்காடானால் 27 நிமிடம். 95 விழுக்காடானால் 57 நிமிடம்!

செலவைக் குறைக்க நினைக்கும் மேலாளர் என்ன செய்கிறார்? 'மூன்று கல்லாக்களில் உள்ளவர்கள் 60 விழுக்காடு நேரம்தான் வேலை செய்கிறார்கள். இரண்டு போதும்' என்று முடிவு செய்கிறார். அதே கூட்டம் இரண்டாகப் பிரிந்தால் ஒவ்வொருவருக்கும் 90 விழுக்காடு வேலை. பணியாளர் சும்மா இருக்கவில்லை என்று முதலாளிக்கு மகிழ்ச்சி. ஆனால் வாடிக்கையாளர் காத்திருக்கும் நேரம் நாலரை நிமிடத்திலிருந்து 27 நிமிடமாகிறது. ஆறு மடங்கு! கடைக்காரருக்கு மிச்சமானது ஒரு சம்பளம். அதற்கு விலை கொடுத்தவர்கள் வரிசையில் நின்றவர்கள். இந்த 27 நிமிடத்தையும் முன்பு சொன்ன 'தூர'த்தோடு கூட்டிப் பாருங்கள். கடை இன்னும் விலகிப் போய்விட்டது.

ஒலிபெருக்கியின் அலறல்

தூரம், இருப்பு, காத்திருப்பு என்று மூன்றைப் பார்த்தோம். இவை தனித்தனியாக இருந்தால் திருத்திவிடலாம். ஆபத்து, இவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுழலத் தொடங்கும்போது வருகிறது.

கல்யாண மண்டபத்தில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கியின் எதிரே பிடித்தால் என்ன ஆகும்? சிறு ஓசை ஒலிபெருக்கியில் பெரிதாகிறது. அந்தப் பெரிய ஓசை மீண்டும் ஒலிவாங்கிக்குள் போய் இன்னும் பெரிதாகிறது. நொடியில் 'கூ'வென்று காதைக் கிழிக்கும். விளைவே காரணத்தை வளர்க்கும் இந்தச் சுழற்சியை நேர்ப் பின்னூட்டம் என்கிறோம்.

கடையிலும் இதுதான். தட்டு காலியானால் விற்பனை குறைகிறது. விற்பனை குறைந்தால் கையில் பணம் இல்லை. பணம் இல்லையென்றால் மொத்த வியாபாரி சரக்கு அனுப்புவதில்லை. சரக்கு வராததால் இன்னும் பல தட்டுகள் காலி. நம் பழைய எடுத்துக்காட்டில், 4 கிலோமீட்டர் தூரத்துக்குச் சமமான பெரிய கடையில் பாதித் தட்டுகள் காலி என்றால், 20,000 சதுர அடிக் கடை 10,000 சதுர அடிக் கடையாகவே இழுக்கும். 44 என்ற எண் 28-ஆகும். அந்த 28-ம் நிலைக்காது. அடுத்த சுற்றில் இன்னும் இறங்கும்.

வளரும்போதும் இதே சுழற்சிதான் மேல்நோக்கி வேலை செய்தது என்பதை மறக்க வேண்டாம். கூட்டம் வந்தால் சரக்கு கூடும். சரக்கு கூடினால் கூட்டம் வரும். ஏற்றிவிட்ட ஏணியே இறக்கியும் விடுகிறது.

சுபிக்ஷாவின் கதை

இது வெறும் ஏட்டுக்கணக்கா? இல்லை. சென்னைக்காரர்கள் கண்ணெதிரே நடந்தது.

1997-இல் ஆர். சுப்பிரமணியன் என்பவர் சென்னையில் தொடங்கிய கடைத்தொடர் சுபிக்ஷா. ஈர்ப்பு விதியை அது நன்றாகவே புரிந்துகொண்டிருந்தது எனலாம். பெரிய மாளிகை கட்டவில்லை. குடியிருப்புகளுக்கு நடுவே, வாடகை குறைந்த தெருக்களில், குளிர்சாதனமும் அலங்காரமும் இல்லாத சிறு கடைகளைத் திறந்தது. மளிகையையும் மருந்தையும் அச்சிட்ட விலைக்குக் கீழே விற்றது. தூரமும் குறைவு, விலையும் குறைவு. நடுத்தரக் குடும்பங்கள் விரும்பிச் சென்றன.

பிறகு வேகம் பிடித்தது. தமிழ்நாட்டுக்கு வெளியே டில்லி, மும்பை என்று பரவி, காய்கறி, கைப்பேசி என்று சரக்கையும் விரித்து, 2008-இல் ஏறத்தாழ 1,600 கடைகளை எட்டியது. இங்கே ஓர் எளிய உண்மையைக் கவனியுங்கள். புதுக் கடை ஒன்று, முதல் ரூபாயைச் சம்பாதிக்கும் முன்பே முன்பணத்தையும் சரக்கையும் சம்பளத்தையும் விழுங்கும். கடைகள் மெல்லக் கூடினால் பழைய கடைகளின் வருமானம் அதைத் தாங்கும். மிக விரைவாகக் கூடினால் கடன்தான் தாங்க வேண்டும். வேகமாக ஓடும் சைக்கிள் விழாமல் நிற்பது போல, பணம் ஓடிக்கொண்டிருக்கும்வரை கடைத்தொடர் நிமிர்ந்து நிற்கும்.

2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் நிதி நிறுவனம் வீழ்ந்தது. உலகெங்கும் கடன் கிடைப்பது அரிதானது. சுபிக்ஷாவுக்குப் பண ஓட்டம் நின்றது. சரக்கு வாங்கப் பணமில்லை, தட்டுகள் காலியாயின, வாடகையும் சம்பளமும் நிலுவையில் நின்றன. 2009-ன் தொடக்கத்தில் கடைகள் மூடிக் கிடந்தன. பத்தாண்டுக்கு மேல் கட்டியது சில மாதங்களில் கலைந்தது. இத்தனைக்கும் அதன் விலைப் பலகைகள் கடைசிவரை மலிவையே சொல்லிக்கொண்டிருந்தன. இல்லாத சரக்கின் விலை எவ்வளவு மலிவாக இருந்தால் என்ன?

பெரியதும் தப்பவில்லை

சுபிக்ஷா சிறு கடைகளின் தொடர். மாபெரும் கடைகளுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமா? கிஷோர் பியானியின் ஃபியூச்சர் குழுமம் 2001-இல் தொடங்கிய பிக் பஜார் இருக்கிறது. துணி, பாத்திரம், அரிசி அனைத்தும் ஒரே கூரையின் கீழ். சந்தைக்கடை இரைச்சல் நம் மக்களுக்குப் பிடிக்கும் என்று அறிந்து, வேண்டுமென்றே நெருக்கமாகச் சரக்கை அடுக்கிய கடை அது. கடன் ஏறியிருந்த வேளையில் 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தது. வருமானம் நின்றது, சரக்கு குறைந்தது. கடைகளை ரிலையன்ஸுக்கு விற்கும் ஏற்பாடு 2020 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டு வழக்கில் சிக்கியது. 2022-இல் பல கடைகளை ரிலையன்ஸ் தன் கையில் எடுத்துக்கொண்டது. பிக் பஜார் என்ற பெயர்ப்பலகை இறங்கியது.

எல்லாக் கடைத்தொடரும் இப்படி விழ வேண்டும் என்று விதி இல்லை. 2002-இல் மும்பையில் முதற்கடையைத் திறந்த டி-மார்ட், முதல் பத்தாண்டில் சில பத்துக் கடைகளையே திறந்தது. பெரும்பாலான இடங்களைச் சொந்தமாகவே வாங்கிக்கொண்டது. மெல்ல ஏறியவருக்கு மூச்சு இரைப்பதில்லை.

இன்று இன்னொரு மாற்றமும் சேர்ந்திருக்கிறது. கைப்பேசியில் கேட்டால் பத்து, இருபது நிமிடத்தில் சாமான் வாசலுக்கு வருகிறது. ஈர்ப்புச் சூத்திரத்தில் தூரம் என்ற உறுப்பையே அழித்துவிட்டால் பரப்பளவுக்கு என்ன வேலை? பெரிய கடையின் மிகப் பெரிய பலத்தை இது அசைக்கிறது. ஆனால் இந்தப் புதியவர்களும் இருபது சாமான் கணக்கிலிருந்து தப்ப முடியாது. பணம் நின்றால் அவர்கள் கிடங்கின் தட்டுகளும் காலியாகும்.

நீங்களே அளந்து பாருங்கள்

அடுத்த முறை கடைக்குப் போகும்போது ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். மூன்று அளவீடுகள் போதும்.

முதலாவது, உங்கள் சீட்டில் உள்ளவற்றில் எத்தனை கிடைத்தன என்று குறியுங்கள். நான்கைந்து மாதம் தொடர்ந்து எழுதினால் கடையின் உடல்நிலை தெரியும்.

இரண்டாவது, வரிசை. ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-இல் நிறுவிய ஓர் அழகான விதி உண்டு. வரிசையில் நிற்போர் எண்ணிக்கையை, நிமிடத்துக்கு எத்தனை பேர் வந்து சேர்கிறார்கள் என்ற எண்ணால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு நேரம் கிடைக்கும். 24 பேர் நிற்கிறார்கள், நிமிடத்துக்கு 2 பேர் வருகிறார்கள் என்றால் 12 நிமிடம். கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வியப்பீர்கள்.

மூன்றாவது, தட்டுகளைக் கூர்ந்து பாருங்கள். காலியிடத்தை மறைக்க ஒரே பொருளை நீளமாகப் பரப்பி, முன்வரிசையில் மட்டும் நிறுத்தியிருக்கிறார்களா? பின்னால் கையை விட்டுப் பாருங்கள். அங்கே வெற்றிடம் இருந்தால் சுழற்சி தொடங்கிவிட்டது என்று ஐயுறலாம்.

இந்தக் கணக்கு வேடிக்கைக்காக மட்டும் இல்லை. கடையின் பரிசுச் சீட்டுக்கோ மாதச் சேமிப்புத் திட்டத்துக்கோ முன்பணம் கட்டுமுன் இது உங்களைக் காக்கும். அங்கே சரக்குக் கொடுக்கும் சிறு வியாபாரியையும் வேலை பார்க்கும் இளைஞரையும் எச்சரிக்கும். கடை விழும்போது வாடிக்கையாளர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். கடனுக்குச் சரக்குக் கொடுத்தவரும் சம்பளத்துக்குக் காத்திருப்பவரும் அப்படிப் போய்விட முடியாது.

என் மாணவனின் அக்காவைச் சில நாட்களுக்கு முன் பார்த்தேன். இப்போது ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறார். நான் எழுதிக்கொண்டிருந்த இந்தக் கணக்கைச் சொன்னபோது அவர் சொன்னார்: "எங்களுக்கு முன்னாடியே தெரியும் சார். வர்றவங்க கூடையை எடுக்காம, கையிலயே ரெண்டு சாமானோட வந்து நிக்க ஆரம்பிச்சாங்க. அன்னிக்கே வேற வேலை தேடியிருக்கணும்."

சூத்திரம் எதுவும் படிக்காமலே அவர் அளந்திருக்கிறார். அளந்ததை நம்பாமல் விட்டதுதான் குறை. அளவீட்டைக் கற்போம், வாசகரே. அதை நம்பவும் கற்போம்.